ஒசாகா கோட்டை: உள்ளே போகலாமா, வெளியே நின்று பார்த்தால் போதுமா?

மழைக்குருவி:
எல்லோருக்கும் வணக்கம். நவம்பரில் அப்பா, அம்மாவோடு ஜப்பான் போகிறோம். ஒசாகாவில் தங்கும்போது ஒரு காலைப்பொழுதைக் கோட்டைக்கு ஒதுக்கலாம் என்று நினைத்தேன். விசாரித்தவர்களில் பாதிப்பேர் "அது 1931-ல் கட்டிய கான்கிரீட் கட்டடம், உள்ளே லிஃப்ட் ஓடுகிறது, வாசலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்" என்கிறார்கள். அப்பா பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கட்டடம் என்றால் உயிர். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் படி ஏற முடியாது. எனக்கு வரலாற்றில் ஆர்வம் உண்டு, ஆனால் ஜப்பானிய வரலாறு மேலோட்டமாகத்தான் தெரியும். உள்ளே இருக்கும் அருங்காட்சியகம் பார்க்கத் தகுந்ததுதானா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ரயில்பித்தன்:
ஒரே ஒரு கோட்டைதான் பார்க்க முடியும் என்றால் ஹிமேஜிக்குப் போங்கள். ஒசாகாவிலிருந்து விரைவு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். 1609-ல் முடித்த மரக் கோபுரம் அப்படியே நிற்கிறது. பழைய கோபுரம் அழியாமல் மிஞ்சிய கோட்டைகள் ஜப்பான் முழுவதிலும் பன்னிரண்டுதான். ஒசாகா அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே நீங்கள் பார்ப்பது கோட்டை வடிவத்தில் இருக்கும் ஒரு நவீனக் கட்டடம். நேரம் மிச்சமிருந்தால் பூங்காவில் நடக்கலாம், அவ்வளவுதான் என் கருத்து.

கருங்கல்:
ரயில்பித்தன் சார் கோபுரத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் கோபுரம்தான் கோட்டை என்று எடுத்துக்கொண்டு பேசுகிறார், அதைத்தான் மறுக்கிறேன். ஒசாகாவில் கோட்டை என்பது முதலில் கல். அகழிகளும் மதில்களும் 1620 முதல் 1629 வரை, அப்போது ஜப்பானை ஆண்ட தோக்குகாவா குடும்பத்தின் ஆட்சி கட்டியவை. அறுபதுக்கும் மேற்பட்ட சிற்றரசர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்து, அவரவர் செலவில், அவரவர் ஆட்களை வைத்துக் கட்டச் செய்தார்கள். கோட்டையும் எழும்பும், அவர்கள் கஜானாவும் காலியாகும், கலகம் செய்யப் பணம் இருக்காது. இரண்டு காரியமும் ஒன்றாக நடந்தன.

மழைக்குருவி, உங்கள் அப்பாவை முதலில் சகுரா வாசலுக்குக் கூட்டிப்போங்கள். உள்ளே நுழைந்ததும் எதிரே ஒரே கல் சுவர் மாதிரி நிற்கும். தாக்கோ-இஷி என்று பெயர். முகப்பு மட்டும் கிட்டத்தட்ட 60 சதுர மீட்டர், எடை நூறு டன்னுக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒகாயாமா சிற்றரசர் இக்கேதா ததாவோ பங்குக்கு வந்த வேலை அது. உள்கடல் வழியாகப் படகில் கொண்டுவந்து, கரையிலிருந்து ஆட்களே இழுத்து நிறுத்திய கல். அவர் அங்கேயே அரைமணி நேரம் நின்றால் அவசரப்படுத்தாதீர்கள்.

அப்புறம் மூலைகள். நீளமான கற்களைத் தலைப்பக்கமும் விலாப்பக்கமும் மாறி மாறி வருமாறு அடுக்கியிருப்பார்கள். சாந்து கிடையாது. முகப்புக் கல்லுக்குப் பின்னால் சிறு கற்களைக் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள், மழைநீர் அதன் வழியே வடிந்துவிடும். மண் ஈரமாகி மதிலைத் தள்ளாமல் இருப்பதற்கு அதுதான் வழி. உள் அகழியின் கிழக்குப் பக்கம் மதில் 30 மீட்டருக்குக் குறையாமல் எழுகிறது. கீழே சாய்வாகத் தொடங்கி மேலே போகப் போகச் செங்குத்தாகும் அந்த வளைவை ஒரு பொறியாளர் பார்க்காமல் போகக்கூடாது.

கற்களில் சின்னச் சின்ன அடையாளங்கள் செதுக்கியிருக்கும். வட்டம், சதுரம், குடும்பச் சின்னம், சில இடங்களில் பெயர். எந்தக் கல் யாருடையது என்ற தகராறு வராமல் இருக்க ஒவ்வொரு குழுவும் போட்ட குறி. கோபுரத்துக்குப் பின்புறம் தாழ்ந்த பகுதியில் அப்படிப்பட்ட கற்களை ஒன்றாக வைத்திருக்கிறார்கள். கூட்டம் அந்தப் பக்கம் அதிகம் வராது.

நிலாமுற்றம்:
நான் இந்த ஊரில்தான் வசிக்கிறேன், விருந்தினர் வந்தால் கூட்டிக்கொண்டு போவேன். நடைமுறை விஷயங்களை நான் சொல்கிறேன்.

மெட்ரோவில் வந்தால் தனிமாச்சி 4-சோமே ஸ்டேஷன், ஜே.ஆர். வளையப் பாதையில் வந்தால் ஒசாகாஜோ-கோயென். எங்கே இறங்கினாலும் கோபுரம் வரை கால்மணி நேரத்துக்கு மேல் நடக்கணும், கடைசிப் பகுதி ஏற்றம். அம்மாவுக்கு அந்த நடைதான் சிரமம், உள்ளே அவ்வளவு இல்லை. பூங்காவுக்குள் கட்டணம் வாங்கிக்கொண்டு சிறு வண்டிகள் ஓடுகின்றன. எல்லா நாளும் எல்லா நேரமும் இருக்காது, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூங்கா இலவசம். கோபுரத்துக்கு மட்டும் டிக்கெட். 2025 ஏப்ரல் முதல் பெரியவர்களுக்கு 1200 யென், அதற்கு முன் 600 ஆக இருந்தது. நடுநிலைப் பள்ளி வரை படிக்கும் பிள்ளைகளுக்கு இலவசம். அதே டிக்கெட்டில் தொயோதோமி (தோக்குகாவாவுக்கு முன் இந்தக் கோட்டையை வைத்திருந்த குடும்பம்) கல்மதில் காட்சிக்கூடமும் சேர்ந்துவிட்டது. அதைத் தவறவிடாதீர்கள், பக்கத்திலேயே இருக்கிறது. காலை 9 மணிக்குத் திறப்பு. டிசம்பர் 28 முதல் ஜனவரி 1 வரை விடுமுறை.

லிஃப்ட் பொதுவாக ஐந்தாம் மாடி வரை. அதற்கு மேல் எட்டாம் மாடிக்குப் படிதான். சக்கர நாற்காலியில் வருபவர்களை மேலே வரை கொண்டுபோவார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி என்று ஊழியரிடம் முன்பே சொல்லுங்கள். திறந்தவுடன் போய்விட்டால் லிஃப்ட் வரிசை குறைவு, பதினொரு மணிக்குப் பேருந்துக் கூட்டங்கள் வந்து சேரும்.

ரயில்பித்தன்:
கருங்கல் சொன்ன மதில்களை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் சொன்ன எல்லாமே வெளியே, இலவசமாகப் பார்க்கக்கூடியவை. கேள்வி உள்ளே போவதைப் பற்றி. இன்னொன்றும் சொல்லணும். அந்தக் கோபுரம் எந்தக் காலத்துக் கோபுரத்தின் நகலும் இல்லை. கீழே நான்கு அடுக்குகள் தோக்குகாவா பாணியில் வெள்ளைச் சுவர். உச்சி அடுக்கு தொயோதோமி பாணியில் கறுப்பும் தங்கமும். நிற்பதோ தோக்குகாவா காலத்துக் கல் மேடையில். ஒருபோதும் இருந்திராத ஒரு கோட்டையைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்றுதான் சொல்லுவேன்.

தெற்குவாசல்:
நீங்கள் சொல்லும் கலப்பு உண்மைதான், அது ஏன் வந்தது என்பதைப் பார்த்தால் இந்தக் கட்டடத்தின் மேல் மரியாதை வரும் என்று நம்புகிறேன்.

நாட்டைத் தன் ஆட்சியின் கீழ் கொண்டுவந்த தளபதி தொயோதோமி ஹிதேயோஷி 1583-ல் இங்கே கட்டத் தொடங்கினார். அதற்கு முன் அந்த மேட்டில் இஷியாமா ஹொங்கான்ஜி என்ற பெரிய பௌத்த மடம் இருந்தது, ஹிதேயோஷியின் தலைவராக இருந்த நொபுநாகாவை எதிர்த்துப் பத்து ஆண்டுகள் தாக்குப்பிடித்த மடம். ஹிதேயோஷியின் கோபுரம் 1615-ல் தோக்குகாவா படையின் முற்றுகையில் எரிந்தது. தோக்குகாவா அந்தக் கோட்டையின் மேல் பல மீட்டர் மண்ணைக் கொட்டி மூடிவிட்டு, அதற்கு மேல் தங்கள் கோட்டையை எழுப்பியது. அவர்கள் கோபுரமும் 1665-ல் இடி விழுந்து எரிந்துபோயிற்று. அதன் பிறகு 266 ஆண்டுகள் அந்த மேடையில் கோபுரமே இல்லை. 1868-ல் ஆட்சி மாறிய கலவரத்தில் அரண்மனைகளும் எரிந்தன. அடுத்து ராணுவம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

1928-ல் மேயர் செக்கி ஹஜிமே கோபுரத்தை மறுபடி கட்டலாம் என்றார். நகர மக்களிடம் நன்கொடை கேட்டார்கள். ஏறக்குறைய அரை ஆண்டில் 15 லட்சம் யென் சேர்ந்தது. இங்கேதான் முக்கியமான விஷயம்: அதில் கோபுரத்துக்குச் செலவானது சுமார் 4 லட்சத்து 70 ஆயிரம்தான். சுமார் 8 லட்சம் ராணுவத்தின் நான்காம் படைப்பிரிவுக்குப் புதுத் தலைமையகம் கட்டப் போயிற்று. ராணுவம் பிடித்து வைத்திருந்த இடத்தின் நடுவில் ஒரு பொதுப் பூங்காவையும் கோபுரத்தையும் பெற, நகரம் அந்த விலையைக் கொடுத்தது. தலைமையகக் கட்டடம் கோபுரத்துக்கு எதிரிலேயே நிற்கிறது. ஐரோப்பியக் கோட்டை மாதிரி இருக்கும், இப்போது கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன. பெரும்பாலோர் அங்கே ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், அது என்ன கட்டடம் என்று கேட்பதில்லை.

ஹிதேயோஷியின் கோபுரத்துக்கு வரைபடம் எதுவும் கிடைக்காததால் பழைய மடிப்புத்திரை ஓவியம் ஒன்றைப் பார்த்து வடிவத்தைத் தீர்மானித்தார்கள். நெருப்பிலும் மின்னலிலும் கோபுரங்களை இழந்த நகரம் எஃகும் கான்கிரீட்டும் வேண்டும் என்று முடிவெடுத்ததில் என்ன தவறு? அது பலித்தது. 1945 குண்டுவீச்சுகளில் பழைய மர வாசல்களும் காவல் மாடங்களும் பல அழிந்தன, கான்கிரீட் கோபுரம் தப்பியது. இன்றைக்கு ஒசாகா கோபுரங்களிலேயே நீண்ட ஆயுள் அதற்குத்தான். ஹிதேயோஷியுடையது முப்பது ஆண்டுகள், தோக்குகாவாவுடையது நாற்பதுக்கும் குறைவு, இது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. 1997-ல் அரசே அதைப் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்தது.

மழைக்குருவி:
தெற்குவாசல் சார், இது எதுவும் எனக்குத் தெரியாது. மிகவும் நன்றி. இப்போது எனக்கு வேறு கேள்வி. உள்ளே எட்டு மாடிகளிலும் ஏதாவது இருக்கிறதா? எதில் அதிக நேரம் நிற்கணும்? விளக்கங்கள் ஆங்கிலத்தில் இருக்குமா?

நிலாமுற்றம்:
மேலே போய்விட்டுக் கீழே இறங்கிக்கொண்டே பார்ப்பதுதான் வசதி. எட்டில் சுற்றி நடக்கும் மாடம், காற்று பலமாக அடிக்கும். ஏழில் ஹிதேயோஷி வாழ்க்கையைச் சின்ன உருவங்களும் வீடியோவும் சேர்த்துக் காட்டுகிறார்கள். ஆறு வெறும் கடந்துபோகும் இடம். ஐந்தில் 1615 கோடைப் போர், தெற்குவாசல் சொன்ன அந்த முற்றுகை. நான்கிலும் மூன்றிலும் அசல் பொருட்கள்: கடிதங்கள், கவசங்கள், வாள்கள், ஓவியங்கள். அவ்வப்போது மாற்றி வைப்பார்கள். அந்த இரண்டு மாடிகளில் படம் எடுக்கக்கூடாது. மூன்றில் ஹிதேயோஷியின் தங்கத் தேநீர் அறையின் நகல் இருக்கிறது. இரண்டில் கோட்டைகளைப் பற்றிய பொதுத் தகவல், கூரை மேல் இருக்கும் தங்க மீன் சிலையையும் சுவரில் இருக்கும் புலி உருவத்தையும் அதே அளவில் கீழே வைத்திருக்கிறார்கள். ஆங்கில விளக்கம் போதுமான அளவு உண்டு.

குழந்தைகளோடு வருபவர்கள் இரண்டாம் மாடியிலேயே நின்றுவிடுவார்கள்.

கருங்கல்:
ஐந்தாம் மாடிதான் என்னைக் கட்டிப்போட்டது. கோடைப் போரை வரைந்த மடிப்புத்திரை ஒன்று இந்த அருங்காட்சியகத்தின் சொத்து. தோக்குகாவா பக்கம் நின்று சண்டையிட்ட குரோதா நாகமாசா வரையச் சொன்னது என்பது வழிவழியாக வரும் செய்தி. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மனித உருவங்கள். அசல் எப்போதாவதுதான் வெளியே வரும், ஆனால் அந்த மாடியில் அதைப் பெரிதாக்கித் திரையில் காட்டுகிறார்கள்.

வலது பாதியில் நீங்கள் எதிர்பார்ப்பது இருக்கும்: கொடிகள், குதிரைகள், தொயோதோமி பக்கத்துத் தளபதி சனதா யுகிமுராவின் சிவப்புப் படை தோக்குகாவா தலைவர் இயேயாசுவின் முகாமை நோக்கிப் பாய்வது. இடது பாதிக்கு வாருங்கள். அங்கே சாதாரண ஜனங்கள் ஓடுகிறார்கள். ஆற்றைக் கடக்கத் தவிக்கிறார்கள். வென்ற படையின் வீரர்கள் அவர்களிடம் கொள்ளையடிக்கிறார்கள், பெண்களை இழுத்துப்போகிறார்கள், சண்டையிடாதவர்கள் தலையையும் வெட்டுகிறார்கள். இதை வரையச் சொன்னது வென்ற பக்கம் என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள். வெற்றிப் படத்தில் பாதியை அதற்குக் கொடுத்திருக்கிறார்கள். போர் ஓவியங்களை நிறையப் பார்க்கிறவன் நான், இப்படி ஒன்றை வேறெங்கும் பார்த்ததில்லை. 1200 யென் எதற்கு என்று கேட்டால் என் பதில் அந்த இடது பாதி.

ஏட்டுச்சுவடி:
இழையை முதலிலிருந்து படித்தேன். ஒரு குறை சொல்லணும். ஏழாம் மாடியில் ஏழை வீட்டுப் பையன் நாட்டையே ஆண்ட கதை என்று ஹிதேயோஷியைக் காட்டுவது கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே மனிதர்தான் 1592-லும் 1597-லும் கொரியாவின் மேல் படையெடுத்தவர். 1598-ல் அவர் இறந்த பிறகுதான் படைகள் திரும்பின. கொன்றதற்குச் சான்றாகக் கொரியர்களின் மூக்குகளை வெட்டி உப்பிட்டு அனுப்பினார்கள், அவற்றைப் புதைத்த மேடு கியோட்டோவில் இருக்கிறது. ஒசாகாவில் மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அவருடைய பொன் அறைதான் மனதில் நிற்கும். கொரியர்கள் இந்தக் கோபுரத்தை வேறு கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

இன்னொன்று. 1588-ல் விவசாயிகளிடமிருந்து வாள்களையும் ஈட்டிகளையும் பறிக்கும் ஆணையைப் போட்டதும் இவர்தான். தான் எந்தக் கூட்டத்திலிருந்து மேலே வந்தாரோ அந்தக் கூட்டத்திலிருந்து இனி யாரும் அப்படி வர முடியாதபடி செய்துவிட்டார். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு ஏழாம் மாடிக்குப் போனால் காட்சி வேறாக இருக்கும்.

தெற்குவாசல்:
ஏட்டுச்சுவடி சொன்னதை வரவேற்கிறேன். வணிக நகரமான ஒசாகாவுக்கு ஹிதேயோஷி செல்லப்பிள்ளை, அதனால் நகரத்துக்குப் பிடித்த பக்கம்தான் முதலில் கண்ணில் படும். நகரத்தின் பெருமையைச் சொல்லக் கட்டியது அந்தக் கோபுரம், அந்த நோக்கம் இன்னும் அதன் சுவர்களில் இருக்கிறது.

நவீனப் போரும் அங்கேயே எழுதியிருக்கிறது. கோட்டையின் கிழக்கே ஆசியாவிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றான ஆயுதத் தொழிற்சாலை இருந்தது. ஜப்பான் சரணடைந்ததை அறிவிப்பதற்கு முந்தைய நாள், 1945 ஆகஸ்ட் 14, அதைக் குண்டு வீசித் தகர்த்தார்கள். பக்கத்து ரயில் நிலையத்தில் நின்றவர்களும் செத்தார்கள். கோபுரத்தின் கல் மேடையை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். குண்டு அதிர்ச்சியில் வரிசை பிசகிய கற்களும், விமானத்திலிருந்து சுட்ட தழும்புகளும் தெரியும். அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள்.

ரயில்பித்தன்:
அந்தத் தழும்புகளை நானும் பார்த்திருக்கிறேன். 1931 கட்டடத்துக்குத் தனி வரலாறு இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. என் வாதம் இதுதான்: மரத்தில் நடந்து ஏறும்போது கோட்டை எப்படிப்பட்ட இடம் என்பது உடம்புக்குத் தெரிகிறது. செங்குத்துப் படி, இருட்டு, குளிர், அம்பு எய்யும் துளை. ஹிமேஜியில் அது கிடைக்கிறது, ஒசாகாவில் எந்தக் கண்ணாடிப் பெட்டியும் அதைத் தர முடியாது.

நிலாமுற்றம்:
அந்தச் செங்குத்துப் படியில் மழைக்குருவியின் அம்மா எப்படி ஏறுவார்? இது சின்ன விஷயமில்லை. நகோயா கோட்டையைப் பாருங்கள். 1945-ல் எரிந்து, 1959-ல் கான்கிரீட்டில் கட்டினார்கள். நிலநடுக்கத்தைத் தாங்காது என்று 2018-ல் கோபுரத்தை மூடினார்கள். பழையபடி மரத்திலேயே கட்டப்போகிறோம் என்றதும் லிஃப்ட் வைப்பதா வேண்டாமா என்று பெரிய தகராறு. லிஃப்ட் இல்லாவிட்டால் எங்களை வெளியே நிறுத்துகிறீர்கள் என்று மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் எதிர்த்தன. அவர்கள் பக்கம்தான் நான். மக்கள் பணத்தில் கட்டுவது எல்லோரும் ஏறக்கூடியதாக இருக்கணும். ஒசாகா அந்த வேலையை 1997 புதுப்பிப்பிலேயே முடித்துவிட்டது. என் மாமியார் எண்பது வயதுக்கு மேல் அந்த எட்டாம் மாடியில் நின்று ஊரைப் பார்த்தார்.

கருங்கல்:
ரயில்பித்தன் சார் கேட்கும் மர வாசனை ஒசாகாவிலும் கொஞ்சம் இருக்கிறது. ஒத்தே வாசல் பக்கம் செங்கான், வடமேற்கு மூலையில் இனுயி என்று இரண்டு காவல் மாடங்கள், இரண்டும் 1620-ஐச் சேர்ந்தவை. 1685-ல் முழுக்கக் கல்லாலேயே கட்டிய வெடிமருந்துக் கிடங்கும் இருக்கிறது. சில பருவங்களில் மட்டும் சிலவற்றைத் திறந்து உள்ளே விடுவார்கள். நவம்பரில் திறக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள், திறந்திருந்தால் கோபுரத்தை விட்டாலும் அதை விடாதீர்கள்.

தொயோதோமி மதில் கூடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1959-ல் துளையிட்டு மண்ணை ஆராய்ந்தபோது ஏழு மீட்டருக்கும் ஆழத்தில் கல் மதில் தட்டுப்பட்டது. தோக்குகாவா புதைத்த ஹிதேயோஷி கோட்டை. 1984-ல் கண்டெடுத்த இன்னொரு பகுதியை 2025 ஏப்ரலில்தான் பொதுமக்கள் இறங்கிப் பார்க்கும்படி திறந்தார்கள். மேலே தோக்குகாவா மதிலில் செதுக்கிய, ஒரே ஒழுங்கான கருங்கல். கீழே ஹிதேயோஷி மதிலில் செதுக்காத கற்களை இருந்தபடியே பொருத்தியிருக்கிறார்கள். நடுவில் வேறு கட்டடத்திலிருந்து பிடுங்கிய கற்களும் உண்டு. இரண்டுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள்தான் வித்தியாசம். அந்த நாற்பது ஆண்டில் கல் வேலை எவ்வளவு தூரம் போயிற்று என்று அப்பா ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்.

மழைக்குருவி:
எல்லோருக்கும் நன்றி. இப்படித் திட்டமிட்டிருக்கிறேன்: 9 மணிக்குக் கோபுரம், லிஃப்டில் மேலே, ஐந்தாம் மாடியில் நிதானமாக, பிறகு தொயோதோமி மதில். அம்மா முன்னாள் தலைமையகத்தில் உட்கார்ந்து காபி குடிக்கட்டும், அந்த நேரத்தில் அப்பாவும் நானும் சகுரா வாசல், பின்புறக் குறிக்கற்கள், தழும்புகள் எல்லாவற்றையும் பார்க்கிறோம். ஹிமேஜி அடுத்த நாள், அப்பா மட்டும் மேலே ஏறுவார். இதில் ஏதாவது மாற்றணுமா?

நிலாமுற்றம்:
சகுரா வாசல் கோபுரத்துக்குப் போகும் வழியிலேயே வரும், தனியாகத் திரும்பி வரத் தேவையில்லை. ஆனால் அப்பாவை அங்கே நிறுத்தினால் 9 மணிக்குத் திறந்தவுடன் உள்ளே போக முடியாது. அதனால் உள்ளே போகும்போது காட்டாதீர்கள், வெளியே வரும்போது காட்டுங்கள். ஹிமேஜியில் பெட்டியை ஸ்டேஷன் லாக்கரில் வைத்துவிட்டுப் போங்கள், காலையில் சீக்கிரம் போனால் பெரிய லாக்கர் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

ரயில்பித்தன்:
ஹிமேஜியில் கோபுரத்துக்குள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறணும். நவம்பரில் மரத்தரை சில்லென்று இருக்கும். அப்பாவுக்குத் தடித்த காலுறை எடுத்து வையுங்கள், வழுக்காத வகையாக இருக்கட்டும்.